செனட்டர்களுக்கு ஒரு செயல்விளக்கம்

கால்டன் ஃபெரி நகரத்துப் போலீசில் யார் வீட்டுக்காவது கெட்ட செய்தி கொண்டுபோக வேண்டியிருந்தால் லெஃப்டினன்ட் ஆர்லன் கேடிஸைத்தான் அனுப்புவார்கள். பெரிய உடம்பு, தாழ்ந்த குரல். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிடுவார். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்த வீட்டார் போதும் போங்கள் என்று சொல்லும்வரை கூடவே உட்கார்ந்திருப்பார். வெர்லீன் ஸ்டால்வொர்த்துக்கு அவள் மகள் இறந்த செய்தியைச் சொன்னவரும் அவர்தான்.

மகள் பெயர் டெல்ஃபின். நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோழி வறுவல் கடை ஜன்னலருகே தன் பொட்டலத்துக்காகக் காத்து நின்றாள். காரில் வந்த ஒரு பையன் எதிர்ப்பக்கம் நின்ற இன்னொருவனைச் சுட்டான். அவன் குறி வைத்தது டெல்ஃபினை இல்லை. அவளை அவன் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவன் கைத்துப்பாக்கியின் பின்பக்கம் தெருவில் 'சுவிட்ச்' என்று சொல்கிறார்களே, அது மாட்டியிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. அது இருந்தால் விசையை ஒரு தடவை அழுத்தினால் போதும், தோட்டா தீரும்வரை துப்பாக்கி தானே சுட்டுத் தள்ளும். பிடித்திருக்கும் கை எகிறும், குழாய் மேலே ஏறும், எது எங்கே போகிறதென்று சுடுகிறவனுக்கே தெரியாது. குறிவைக்கப்பட்டவன் ஒரு கீறலும் இல்லாமல் ஓடிப்போனான்.

அந்தத் துண்டு நாட்டுச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் மாநிலச் சட்டத்தில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு பையனின் பையில் அது அகப்பட்டால் கால்டன் ஃபெரி போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. மத்திய அதிகாரிகளைக் கூப்பிட்டு, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். அவர்கள் கையில் ஏற்கெனவே நூறு வழக்கு இருக்கும். பையன் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுவான். அதனால்தான் மாநிலத்தின் போலீஸ் தலைவர்கள் எல்லாரும், மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட, இதைத் தடை செய்யுங்கள் என்று ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மசோதா இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மாநில மேலவை உறுப்பினரான செனட்டர் ராய்ஸ் ஹென்னிபெரியின் குழுவில் மூச்சு நின்று போனது.

"அந்த மனுஷனுக்கு நம்ம புள்ளிவிவரம் வேண்டாம், ஆர்லன்," என்றார் போலீஸ் தலைவர் பாய்கின். "நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே காடை சுடப் போனவர். இன்னிக்கு இதைப் பிடுங்குவீங்க, நாளைக்கு எங்க தாத்தா துப்பாக்கியைப் பிடுங்குவீங்கன்னு சொல்றார். அவரை நம்ம சுடற திடலுக்குக் கூட்டிட்டு வா. அந்தச் சாமானைக் கையிலயே குடு."

"செனட்டர் கையிலயா, சீஃப்?"

"ஏன், அவர் கை என்ன கண்ணாடியா? நீ பக்கத்துலதானே நிக்கப் போற."

சுடும் பயிற்சித் திடலுக்குப் பொறுப்பு கேடிஸ்தான். யோசித்துப் பார்த்தபோது அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதோடு இன்னொரு யோசனையும் தோன்றியது. அது முழுக்க அவருடையது. பிற்பாடு பழியை யார் தலையிலும் போட முடியாமல் போனதும் அதனால்தான். சுட்டுக் காட்டி முடிந்ததும், புகை அடங்குவதற்குள், வெர்லீன் வந்து இரண்டு வார்த்தை பேசினால்?

வெர்லீன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்தச் சத்தத்தை என்னால கேக்க முடியாது, லெஃப்டினன்ட். பக்கத்து வீட்டுப் பசங்க பட்டாசு வெடிச்சாலே குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு உக்காந்துடறேன்."

"கேக்க விட மாட்டேன், மிஸ் வெர்லீன். சுடறதெல்லாம் முடிஞ்சு, துப்பாக்கியைப் பெட்டியில வச்சுப் பூட்டினப்புறம்தான் நீங்க வரணும். பதினோரு மணிக்கு வந்தாப் போதும். நான் வாக்குக் குடுக்கறேன்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் அது.

"நீங்க சொன்னா சரி," என்றாள். உள்ளே போய் டெல்ஃபின் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கும் படத்தை எடுத்து வந்து கொடுத்தாள். "இதை எங்கயாவது வைங்க. பேர் மட்டும் சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மொத்தம் எத்தனை பேர் வராங்க?"

"செனட்டருங்க நாலு பேர். நாங்க ரெண்டு பேர். ஏன்?"

"கேக் செஞ்சு எடுத்துட்டு வரேன். வெறுங்கையோட ஒரு இடத்துக்குப் போக எனக்குத் தெரியாது."

குறித்த நாளன்று செனட்டர்கள் தாமதமாக வந்தார்கள். வழியில் ஒரு கடையில் காலைப் பலகாரம் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் இறங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். கேடிஸுக்கு வெர்லீனைக் கூப்பிட்டு, கொஞ்சம் தள்ளி வாருங்கள் என்று சொல்ல வேண்டுமென்று தோன்றியது. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எப்படியும் அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தார். அப்போது ஹென்னிபெரி கையை நீட்டிக்கொண்டு வந்தார். கேடிஸ் அந்தக் கையைக் குலுக்கினார். போன் பையிலேயே கிடந்தது.

முதலில் கேடிஸ் சுட்டுக் காட்டினார். அது நடக்க வேண்டியபடியே நடந்தது. சாதாரணக் கைத்துப்பாக்கியால் ஒவ்வொன்றாகச் சுட்டார். பிறகு வழக்கு முடிந்து கைக்கு வந்திருந்த, சுவிட்ச் மாட்டிய துப்பாக்கியை எடுத்தார். துணியைக் கிழித்தாற்போல ஒரு நீளமான சத்தம். அவ்வளவுதான். தோட்டாக் கூடுகள் சிமென்ட் தரையில் உருண்டு ஓய்ந்தன. ஹென்னிபெரி காதுக் கவசத்தைக் கழற்றி, மேசைமேல் இருந்த டெல்ஃபின் படத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பின்னாளில் கேடிஸ் மனசுக்குள் திரும்பத் திரும்பப் போய் நின்றது அந்த இடத்தில்தான்.

"செனட்டர், நீங்க ஒரு தடவை பாருங்க," என்றார் பாய்கின்.

ஹென்னிபெரி அழுத்தினார். குழாய் அவர் பிடியை மீறி எகிறியது. கடைசித் தோட்டா இலக்கு அட்டைக்கு மேலே இருந்த மண்மேட்டின் விளிம்பில் பட்டுப் புழுதி கிளம்பியது. கேடிஸ் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிழவர் முகம் வெளுத்துவிட்டது. மூச்சை ஒருமுறை இழுத்தார். பிறகு, அவரையறியாமல், குபீரென்று சிரித்துவிட்டார்.

"ஆத்தாடி! இது துப்பாக்கியா, கோவேறு கழுதையா? என்னையே உதைச்சுத் தள்ளப் பார்த்துதே!"

அதோடு கட்டு அவிழ்ந்துவிட்டது. நான் நான் என்று மற்ற மூவரும் முன்னால் வந்தார்கள். ஒருவர் சுட்டு ஒரு தோட்டாகூட அட்டையில் படவில்லை; "உன் ஓட்டு மாதிரியே போச்சுப்பா, எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியல," என்று இன்னொருவர் கேலி செய்தார். பாய்கினும் சேர்ந்து சிரித்தார். கேடிஸ் மேகசினில் தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வேலை நன்றாகப் போகிறது, ஆட்கள் மனம்விட்டுப் பழகுகிறார்கள் என்று அவருக்கு ஒரு நிறைவு. இடத்துக்குத் திருவிழாக் களை வந்துவிட்டது.

"லெஃப்டினன்ட்," என்றார் ஹென்னிபெரி, "உங்க கைதான் பன்னித் தொடை கனத்துக்கு இருக்கே. முதல்ல நீங்க சுட்டப்ப கொஞ்சம் தோட்டாதான் போட்ட மாதிரி இருந்துது. நெசமாவே அதை அடக்க முடியுமா உங்களால? முழுசா ஒரு தடவை?"

"முடியும், சார். ஆனா…"

"ஆனாவாம்! மனுஷன் நழுவறார் பாரு!"

"காமி, ஆர்லன்," என்றார் பாய்கின் சிரித்துக்கொண்டே. "நம்ம ஊர் மானத்தைக் காப்பாத்து."

முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். யாரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேடிஸுக்கு அந்தத் திடலில் தன் கையைப்பற்றி ஒரு கர்வம் உண்டு. காலை அகட்டி ஊன்றி நின்றார். முழு மேகசினையும் அட்டையின் நெஞ்சில் ஒரு தட்டு அகலத்துக்குள் இறக்கினார். விசில் பறந்தது. கை தட்டினார்கள். கேடிஸ் துப்பாக்கியைக் கீழே வைத்தார். வாயெல்லாம் பல்லாகத் திரும்பி, தொப்பியைக் கழற்றி, மேடை நாடகக்காரன் மாதிரி இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார்.

நிமிர்ந்தபோது கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் வெர்லீன் நின்றுகொண்டிருந்தாள். தேவாலயத்துக்குப் போட்டுப் போகும் நீலக் கவுன். கையில் கேக் டப்பா. காதில் கவசம் இல்லை.

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. அவள் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படத்தில் இருந்த முகம் அதே முகம். செனட்டர்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். கேடிஸின் தொப்பி ஏற்கெனவே கையில்தான் இருந்தது.

அவர் அவளிடம் போனார். சிரிப்பு முகத்தைவிட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை என்பதை அவரே உணர்ந்தார்; கன்னத்துச் சதை அவர் சொன்னபடி கேட்க மாட்டேன் என்றது.

"மிஸ் வெர்லீன்… அவங்க லேட்டா வந்துட்டாங்க. நான் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்."

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"மேடம்?"

"அவ்வளவு சீக்கிரமா முடிஞ்சிருமா? ரெண்டு வருஷமா நான் என்னென்னவோ நெனைச்சுக்கிட்டிருக்கேன். ஓடப் பாத்திருப்பா, கீழ குனிஞ்சிருப்பா, அம்மான்னு கூப்பிட்டிருப்பான்னு. நான் அவளோட அங்க ரொம்ப நேரம் நின்னிருக்கேன், லெஃப்டினன்ட். ராத்திரி ராத்திரியா நின்னிருக்கேன். அதுக்கெல்லாம் நேரமே இருந்திருக்காது, இல்லையா?"

"இல்ல, மேடம்," என்றார் கேடிஸ். "நேரம் இருந்திருக்காது."

தலையை ஆட்டினாள். மேசைக்குப் போய் டப்பாவை வைத்தாள். பாய்கின் பக்கத்தில் வந்து, "மிஸ் வெர்லீன், நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி. ஒரு ரெண்டு வார்த்தை…" என்று இழுத்தார்.

"எதுக்கு? அதான் எல்லாரும் பாத்துட்டீங்களே," என்றாள். குரல் உயரவில்லை. "கத்தி டப்பாக்குள்ள இருக்கு. ஆறு பேருக்குக் காணும்."

அவள் கார் மண் சாலையில் திரும்பிப் போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் கொண்டுவந்ததைத் தொடாமல் விட்டால் மரியாதை இல்லை என்று ஹென்னிபெரிதான் கத்தியை எடுத்து நறுக்கினார். கேடிஸ் கையிலும் காகிதத் தட்டில் ஒரு துண்டு வந்தது. எல்லாரும் சாப்பிட்டதால் அவரும் சாப்பிட்டார். நல்ல கேக்தான். வெண்ணெய் தாராளமாகப் போட்டிருந்தாள்.

குழுவில் மசோதா மூன்றாம் முறையாக வந்த நாளில் கேடிஸ் சீருடையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஹென்னிபெரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து துப்பாக்கி பிடிக்கறேன். அந்தச் சாமானைக் கையில குடுத்தாங்க. ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன், நான் சின்னப் பையன் மாதிரி சிரிச்சேன். திருப்பிக் குடுக்கவே மனசு வரல. வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், என் வயசுல எனக்கே இப்படி இருந்துதுன்னா, பதினேழு வயசுப் பயலுக்கு அது எப்படி இருக்கும்னு. காடை சுட யாருக்கும் அது தேவையில்ல. நான் ஆதரிச்சு ஓட்டுப் போடறேன்."

அறையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது, நல்லவிதமான சிரிப்பு. குழு நிறைவேற்றியது, இரண்டு அவைகளும் நிறைவேற்றின. பாய்கின் கேடிஸின் முதுகில் ஓங்கித் தட்டினார். "உன் திடல்தான்யா ஜெயிச்சுது!"

அதுதான் கேடிஸுக்குத் தாங்கவில்லை. காரியம் கெட்டுப்போயிருந்தால், பார்த்தாயா, உன் இளிப்பால் வந்த வினை என்று தன்னையே திட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து அழுதிருக்கலாம். காரியம் ஜெயித்துவிட்டது. ஜெயித்ததே அந்தச் சிரிப்பால்தான். சட்டம் வந்த முதல் மாதமே வாடகை வீடு ஒன்றில் ஒரு டப்பா நிறைய அந்தத் துண்டுகளைப் பிடித்தார்கள். வைத்திருந்தவன் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவில்லை. கேடிஸ்தான் கையெழுத்துப் போட்டு அவனை உள்ளே அனுப்பினார். சந்தோஷப்பட வேண்டிய வேளையில் எல்லாம் இடுப்பை வளைத்து நின்ற தன் உருவம்தான் அவருக்கு முன்னால் வந்தது.

வெர்லீனைப் பார்க்க அவர் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளிப்போட்டார். ஒருநாள் மளிகைக் கடையில் அவளைத் தூரத்தில் பார்த்துவிட்டு, பாதி நிரம்பிய தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அத்தனை பெரிய ஆள் சாமான் அலமாரிக்குப் பின்னால் முதுகைக் குறுக்கிக்கொண்டு நழுவியதை நினைத்தால் காரில் உட்கார்ந்தும் காது சுட்டது.

அப்போதுதான் பக்கத்து மாநிலத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கேயும் அதே மசோதா, அதே முட்டுக்கட்டை.

"அவங்களுக்கு நம்ம திடல் நாள் மாதிரியே ஒண்ணு வேணுமாம்," என்றார் பாய்கின். "நீ போய் நடத்திக் குடு."

"வேற யாரையாவது அனுப்புங்க, சீஃப்."

"ஏன்?"

பாய்கின் பேனாவை மூடி வைத்தார். "அந்தம்மா விஷயம்தானே? எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா ஒண்ணு சொல்லு. உனக்கு வெக்கமா இருக்குன்னு அங்க இன்னும் நாலு பிள்ளைங்க சாகணுமா?"

மறுநாள் மத்தியானம் கேடிஸ் அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். தலையில் வலை கட்டிக்கொண்டு பெரிய தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்த வெர்லீன், அவரைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல, மேடம். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"இத்தனை நாள் கழிச்சா?"

"வர வெக்கமா இருந்துது."

"இருக்கணும்." கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கிழவர் சிரிச்சார், உங்க சீஃப் சிரிச்சார். அவங்களுக்கு என் பொண்ணைத் தெரியாது. அவங்க யாரோ. நீ அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்திருந்தவன், ஆர்லன். என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் அவ முகத்தைத் துணி விலக்கிக் காட்டினவன் நீ. உன்னை நம்பித்தானே நான் கவுனைப் போட்டுக்கிட்டு வந்தேன்? அவ படத்துக்கு முன்னாடி நின்னு கூத்தாடினியே."

"ஆமா, மேடம்."

"சும்மா ஆமா ஆமாங்காத."

கேடிஸ் பக்கத்து மாநிலம் கூப்பிடுவதைச் சொன்னார். போகவா வேண்டாமா என்று தெரியவில்லை என்றார்.

வெர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்கிட்ட அனுமதி கேக்க வந்தியா? நான் வேண்டாம்னா வீட்டுல நிம்மதியா இருப்ப. போன்னா என் பேரைச் சொல்லிட்டு நிம்மதியா போவ. ரெண்டையும் நான் தர மாட்டேன். அது உன் வேலை, நீயே பாத்துக்க." தட்டை மறுபடி கையில் எடுத்தாள். "படம் எங்க?"

"கார்ல இருக்கு."

"கொண்டுவந்து குடுத்துட்டுப் போ. இனிமே அவ பேரை எந்த ஊர்லயும் எவன் முன்னாடியும் எடுக்கக் கூடாது. அவ பேரைச் சொன்னா ஒரு நிமிஷம் தலையைக் குனிவாங்க, அப்புறம் துப்பாக்கியைக் கேப்பாங்க. எனக்கு வேண்டாம் அது."

அவர் போய்ப் படத்தை எடுத்துவந்தார். அவள் ஈரக் கையால் தொடாமல், கையை ஏப்ரனில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கி, தன் கைப்பைக்குள் வைத்தாள். சரி என்றோ போ என்றோ சொல்லவில்லை. குழாயைத் திறந்தாள்.

கேடிஸ் பக்கத்து மாநிலத்துக்குப் போனார். அங்கே திடல் பெரியது, கூரை போட்டது. வந்திருந்தவர்களும் ஒரு டஜன் பேர். சாதாரணத் துப்பாக்கியை முதலில் சுட்டார், அப்புறம் சுவிட்ச் மாட்டியதை. அதே சத்தம், அதே அமைதி. மேசைமேல் துப்பாக்கியைத் தவிர ஒன்றும் இல்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் உறுப்பினர் கேட்டார்: "உங்க ஊர்ல இதால நெசமாவே யாராவது செத்திருக்காங்களா, லெஃப்டினன்ட்? இல்ல, செத்துப் போகலாம்னு சொல்றீங்களா?"

"செத்திருக்காங்க, மேடம்."

"யாரு?"

கேடிஸ் வாயைத் திறந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளிக்கிழமை, கடை ஜன்னல் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. சொன்னால் அந்தக் கூட்டம் அப்படியே உறைந்துபோகும் என்று அவருக்குத் தெரியும்.

"ஒரு பொண்ணு," என்றார்.

அந்த அம்மாள் இன்னும் ஏதோ வருமென்று காத்திருந்தார். வரவில்லை. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கோட்டைக் கழற்றிக்கொண்டே, "நான் ஒரு தடவை சுட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"வாங்க, சார்," என்றார் கேடிஸ். முகம் தணலாகக் கொதிக்க, காதுக் கவசத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.